லேசர் ஸ்பீட் கன்னுல இருந்து தப்பிக்கலாம்னு விக்கிற மூணு ஐட்டம டெஸ்ட் பண்ணது, அதுல ஒண்ண மூணு மாசம் போட்டு ஓட்டிப் பாத்தது

மொதல்லயே சொல்லிடுறேன், போலீஸ் ஸ்பீட் கன் இருந்தா முன்கூட்டியே கூவும்னு சொல்லி விக்கிற, விண்ட்ஷீல்டுல ஒட்டுற டிடெக்டர வாங்காதீங்க. 11,500 ரூபா. வாங்காதீங்கன்னு சும்மா சொல்லிட்டுப் போனா யாரும் கேக்க மாட்டாங்க, எனக்கும் ரெண்டு பேர் சொன்னாங்க நான் கேக்கல, அதனால எப்படி டெஸ்ட் பண்ணேன் என்ன வந்துச்சுன்னு முழுசா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

எனக்கு வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம், வேலை ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டில. டெய்லி டி.பி.பி. ரோடு, அதான் திருவொற்றியூர் பொன்னேரி பஞ்செட்டி ரோடு, அதப் புடிச்சு மணலிப்புதுநகர், மீஞ்சூர் வழியா போய் பஞ்செட்டில ஹைவே ஏறி தடா வரைக்கும் போகணும். ஆறு வாரத்துல ரெண்டு சலான் வந்துச்சு போனுக்கு, ஒண்ணு சிட்டிக்குள்ள 60 போக வேண்டிய எடத்துல 74, இன்னொண்ணு ஹைவேல. மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுல காருக்கு 1000-ல இருந்து 2000 வரைக்கும் போடலாம், எனக்கு 1000 1000-ஆ வந்துச்சு. காசு போனத விட, ரெண்டு தடவையும் எங்க நின்னு எடுத்தாங்கன்னே தெரியலங்கறதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கடுப்புலதான் பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜாருக்குப் போனேன்.

கடைக்காரர் நல்லாதான் பேசினாரு. "தம்பி, இது மாட்டிக்கினா ஒரு கிலோமீட்டர் முன்னாடியே கூவும்பா, ரேடாரு, லேசரு எல்லாம் ஒண்ணுலயே கீது, சுத்தி 360 டிகிரியும் புடிக்கும், நம்ம பசங்க நெறைய பேர் வாங்கினு போயிருக்காங்கோ"ன்னாரு. பாய் எதுனா கொறைங்கன்னு கேட்டு 13,000 சொன்னத 11,500-க்கு வாங்கினேன். கூடவே நம்பர் பிளேட்ல அடிக்கிற ஸ்பிரே ஒண்ணு, 900 ரூபா, அடிச்சா கேமராவுல பிளேட் வெள்ளையா தெரியும்னு டப்பால போட்டிருந்துச்சு. மூணாவது ஐட்டம் லேசர் ஜாமர், கன்ன அளக்க விடாம கொழப்பும்னு விக்கிறது, அத நான் வாங்கல, கூட வேலை பாக்குறவரு வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்தது, முன்னாடி கிரில்லுல மாட்டுற ரெண்டு சின்ன கண்ணு மாதிரி இருக்கும், பாக்க பார்க்கிங் சென்சார் மாதிரி. டெஸ்டுக்கு மட்டும் குடுத்தாரு.

டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி லேசர் கன் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அது தெரியாமதான் நான் காச விட்டேன். ரேடார் கன்னு ரேடியோ அலைய விடும், கார்ல பட்டுத் திரும்பும்போது அலையோட அதிர்வெண் மாறும், ரயில் கிட்ட வரும்போது ஹாரன் சத்தம் கீச்சுன்னு இருந்து தாண்டினதும் கனமா மாறுதுல்ல, அதே டாப்ளர் கணக்கு. அந்த அலை அகலமா பரவும், முன்னாடி போற லாரிய அளக்கும்போதே பின்னால வர்ற நம்ம டிடெக்டருக்கும் கொஞ்சம் வந்து படும், அதனால முன்கூட்டியே கூவ ஒரு வாய்ப்பு இருக்கு.

லேசர் கன்னு வேற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி, 904, 905 நானோமீட்டர் அலைநீளம், அத துண்டு துண்டா செகண்டுக்கு நூத்துக்கணக்குல அடிக்கும். ஒவ்வொரு துண்டும் கார்ல பட்டுத் திரும்பி வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாக்கும். ஒளி செகண்டுக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போறதால 300 மீட்டர் தள்ளி வர்ற கார்ல பட்டுத் திரும்ப 2 மைக்ரோசெகண்ட்தான். அடுத்தடுத்த துண்டு போகும்போது கார் இன்னும் கிட்ட வந்திருக்கும், திரும்புற நேரம் கம்மியாகும், அந்த வித்தியாசத்துல ஸ்பீடு வந்துரும். மொத்த வேலையும் அரை செகண்டுக்குள்ள. அதோட அந்த ஒளிக்கத்தை ரொம்ப ஒல்லி, 300 மீட்டர் தூரத்துல ஒரு மீட்டர் அகலம்கூட வராது, சுமார் 90 சென்டிமீட்டர், 100 மீட்டர்ல 30 சென்டிமீட்டர்தான். அத எங்க குறி வெப்பாங்கன்னா நம்பர் பிளேட், இல்லன்னா ஹெட்லைட். இப்ப எல்லா புது வண்டிலயும் இருக்குற ஹை செக்யூரிட்டி பிளேட்டோட மேல்ஷீட்டு வந்த ஒளிய வந்த தெசையிலயே திருப்பி விடுற ரகம், ராத்திரில லைட் பட்டா பளிச்சுன்னு தெரியுதே அதுக்காக வெச்சது, லேசருக்கும் அதேதான் வசதி.

இப்ப யோசிச்சுப் பாருங்க, டிடெக்டர் எங்க இருக்கு? கண்ணாடில, ரியர்வியூ மிரர் பக்கத்துல. பிளேட் எங்க இருக்கு? பம்பர்ல. நடுவுல ஒரு மீட்டர் மேல தூரம்.

டெஸ்டு எப்படின்னா, போலீஸ் கன் நமக்கு யாரு குடுப்பா. ஆனா சர்வே வேலை பாக்குற நண்பர் ஒருத்தர்கிட்ட தூரம் அளக்குற லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கு, கோல்ஃப் ஆடுறவங்ககூட வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி, அதுவும் 905 நானோமீட்டர்தான். ரேடாருக்கு கிரிக்கெட் கோச் ஒருத்தர், எங்க ஏரியா பசங்களுக்கு பவுலிங் சொல்லித் தரவரு, பால் ஸ்பீடு பாக்குற கன் வெச்சிருக்காரு, அது 24 கிகாஹெர்ட்ஸ், டிடெக்டர் டப்பால கே பேண்ட்னு போட்டிருக்குற ரேஞ்சுக்குள்ள வரும். எடம் மணலி பக்கம் ஒரு காலி கன்டெய்னர் யார்டு, ஓனர்கிட்ட கேட்டு ஞாயித்துக்கிழமை காலைல, கேட்ட சாத்திட்டு. ரோட்டுல இந்த வேலையெல்லாம் பண்ணவே கூடாது, அதுல நாங்க மூணு பேரும் உறுதியா இருந்தோம். ரேஞ்ச்ஃபைண்டர் போலீஸ் கன்னுக்கு அச்சு அசல் ஆகாது, துடிப்பு, அதான் அந்த ஒளித் துண்டு, அடிக்கிற வேகம் வேற, அத மனசுல வெச்சுதான் நம்பர பாக்கணும். ஆனா ஒளி எங்க படுதுங்கற விஷயத்துக்கு இது போதும்.

கார நிக்க வெச்சு ட்ரைபாட்ல ரேஞ்ச்ஃபைண்டர மாட்டி பிளேட்டக் குறி வெச்சு 20 தடவ அடிச்சோம். 100 மீட்டர்ல டிடெக்டர் ஒரே ஒரு தடவ கூவுச்சு. 200-ல ரெண்டு. 300-ல ஆறு, ஏன்னா அங்க கத்தை விரிஞ்சு கொஞ்சம் கண்ணாடி வரைக்கும் வருது. அதே 100 மீட்டர்ல நேரா கண்ணாடியக் குறி வெச்சு அடிச்சா 20-க்கு 17 கூவுச்சு. ஆக மெஷின் செவிடு இல்ல, வேலை செய்யுது, ஆனா அது இருக்குற எடத்துக்கு ஒளியே வரல. கண்ணாடிலதான் ஒட்ட முடியும், வேற எடத்துல வெக்க அதுக்கு வழியும் இல்ல. நண்பர் ட்ரைபாட்ல இருந்து கண்ண எடுக்காம "அண்ணே, பம்பர அடிச்சா பம்பருக்குதான் தெரியும்"னாரு, அதுக்கு மேல இந்த டிடெக்டரப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்லன்னு தோணுச்சு.

அப்பறம் ஓட்டிப் பாத்தோம். யார்டு மொத்தமே 400 மீட்டர் இருக்கும், அதனால 50-க்கு மேல போகல. நண்பர் தொடர்ந்து அளக்குற மோடுல வெச்சு கண்ணாடிய குறி வெச்சாரு, வேணும்னே டிடெக்டருக்கு சாதகமா. காருக்குள்ள போன் வீடியோ ஓடுது, அவரு பக்கம் இன்னொரு வீடியோ. ஆரம்பத்துல கை தட்டி ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கிட்டோம். வீட்டுக்கு வந்து ஃபிரேம் ஃபிரேமா பாத்தா, பீப் சத்தம் வரும்போது அவரு டிஸ்பிளேல நம்பர் ஏற்கனவே வந்திருக்கு, நான் பிரேக்ல கால் வெச்சது அதுக்கும் ஒரு செகண்டு கழிச்சு. இத்தனைக்கும் எனக்கு டெஸ்டுன்னு தெரியும், கால ரெடியா வெச்சிருந்தேன். ரோட்டுல பாட்டு கேட்டுக்கிட்டு போறவனுக்கு இன்னும் லேட் ஆகும். லேசர் பீப்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான், அளந்து முடிஞ்சுதுன்னு.

ரேடார் பக்கம் நியாயமா சொல்லணும், அது நல்லாவே புடிக்குது. கோச் கன்ன ஆன் பண்ணி யார்டோட அந்தக் கோடில நின்னா இந்தக் கோடில கூவுது, ஒரு தடவகூட தப்பல. ஆனா கோச்சே சொன்னாரு, நான் ட்ரிகர புடிச்சுக்கிட்டே நிக்கிறேன் அதனால உங்களுக்கு முன்னாடியே தெரியுது, வண்டி கிட்ட வந்தப்பறம் சட்டுனு அமுக்கினா என்ன பண்ணுவீங்கன்னு. அமுக்கிக் காட்டினாரு. பீப்பும் நம்பரும் ஒண்ணாதான் வந்துச்சு.

அந்த கோச் கன்னால எதிர்பாக்காத ஒரு லாபம், என் கார் மீட்டர செக் பண்ணிக்கிட்டேன். மீட்டர்ல 50 காட்டும்போது கன்னுல 47, போன் ஜிபிஎஸ்லயும் 47. கம்பெனில இருந்து வரும்போதே மீட்டர கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரிதான் வெப்பாங்க, கொறச்சுக் காட்டக் கூடாதுங்கறது விதி. அதோட ரோட்டு ஓரத்துல சாய்வா நின்னு அளந்தா கன்னு நெஜ ஸ்பீட விட கொஞ்சம் கம்மியாதான் காட்டும், 10 டிகிரி சாய்வுல 60-ல போனா 59-ன்னு வரும். மீட்டர் தப்பு, கன்னு தப்புன்னு நான் ரெண்டு சலானுக்கும் வீட்டுல பொலம்பினேன். ரெண்டு தப்பும் எனக்கு சாதகமாதான் இருந்திருக்கு.

ஸ்பிரே பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. பழைய பிளேட் ஒண்ணுல பாதிக்கு மட்டும் அடிச்சு, யார்டுலயே நிழல்ல வெச்சு பிளாஷ் போட்டு, பிளாஷ் இல்லாம, ரெண்டு விதமாவும் போட்டோ எடுத்தோம், அடிச்ச பக்கம் அடிக்காத பக்கம் வித்தியாசமே தெரியல, எழுத்து எல்லாம் தெளிவா படிக்க முடிஞ்சுது. லேசருக்கும் ஸ்பிரேவுக்கும் சம்பந்தமே கெடையாது, பிளேட்டுல படலன்னா ஹெட்லைட்ல படும், இல்ல கிரில்லுல. அதுவும் போக பிளேட் படிக்க முடியாம பண்றதே தனி கேஸ். 900 ரூபா போச்சு.

கிரில்லுல மாட்டுற அந்த ரெண்டு கண்ணு, அத கார்ல ஒழுங்கா வயரிங் பண்ணி மாட்டல, பேட்டரில நேரா குடுத்து பம்பர் மேல டேப் போட்டு வெச்சு பாத்தோம். 20-க்கு 20 தடவையும் தூரம் சரியா வந்துச்சு, அது எதையும் தடுக்கல. இதுல நல்ல ரகம்னு ஐரோப்பாவுல தயாரிக்கிறதெல்லாம் இருக்கு, கன்னுல இருந்து வர்ற துடிப்பப் பாத்து அதே அலைநீளத்துல திருப்பி அடிச்சுக் கொழப்பி விடுற வேலை. ஆனா கன்னு செய்யறவங்க சும்மா இல்ல, இப்படி எவனாவது கொழப்பினா ஸ்பீடுக்குப் பதிலா அதுக்குன்னு ஒரு எரர் காட்டுற மாதிரி செஞ்சுட்டாங்க. 15 கிலோமீட்டர் கூட போனவன விட அந்த எரர் வந்தவனத்தான் மொதல்ல நிறுத்துவாங்க. பிரிட்டன்ல இத மாட்டினவங்க நீதிக்கு இடையூறு பண்ணதா கேஸ் ஆகி ஜெயிலுக்கே போயிருக்காங்க, அமெரிக்காவுல கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாதிரி மாநிலங்கள்ல லேசர் ஜாமருக்குத் தடை, வர்ஜீனியாவுல கார்ல வெறும் டிடெக்டர் வெக்கவே கூடாது. கூட வேலை பாக்குறவர்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு, மாட்டாதீங்க சார்னு கையப் புடிச்சு சொல்லிட்டு வந்தேன்.

சரி யார்டு முடிஞ்சுது, ரோட்டுல மூணு மாசம் எப்படி இருந்துச்சு. மொத ரெண்டு வாரம் ஒவ்வொரு பீப்பையும் நோட்ல எழுதினேன், 61 பீப். தண்டையார்பேட்டைல ஒரு ஆஸ்பத்திரி ஆட்டோமேட்டிக் கதவு, ஒரு பேங்க் கதவு, நகைக்கடை கதவு, இதெல்லாம் ஆள் வராங்களான்னு பாக்க அதே 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார்தான் வெச்சிருக்கு. கொஞ்சம் வெல அதிகமான கார் பக்கத்துல வந்தா அதோட பிளைண்ட் ஸ்பாட் சென்சாருக்கும் கூவும், ஹைவேல அந்த மாதிரி கார் பின்னாடியே வந்தா பத்து நிமிஷம் கத்திக்கிட்டே வரும். அந்த 61-ல நெஜமா போலீஸ் நின்னது ஒண்ணே ஒண்ணு, ஹைவேல ஒரு எடத்துல. பீப்பும் வந்துச்சு, மூணாம் நாள் சலானும் வந்துச்சு. அதுக்கு அப்பறம் காது பழகிப் போயி பீப்ப கேக்கறதையே விட்டுடுச்சு. ரெண்டு எடத்துல கேமரா வெச்சு, அங்க இருந்து இங்க வர எவ்ளோ நேரம்னு பாத்து ஸ்பீடு போடுற சிஸ்டம் இருக்குல்ல, அதுல இருந்து நம்ம பக்கம் எந்த அலையும் வராது, அதுக்கு இந்த மெஷின் கூவ வழியே இல்ல.

இப்ப சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்ப உறுத்துனது. என் போன்ல ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் ஆப் ஒண்ணு ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கு, ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அதிகபட்ச ஸ்பீடு சேத்து வெச்சிருக்கும். வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட் முடிச்சா நேரா வீட்டுக்குப் போகாம எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுல எறங்கி காசிமேடு போய் மீன் வாங்கிட்டு வர்றது என் பழக்கம், விடியக்காலை அஞ்சு அஞ்சரைக்கு. டிடெக்டர் வாங்கறதுக்கு முன்னாடி அந்த ரோட்டுல என் அதிகபட்சம் 71. டிடெக்டர் ஒட்டினப்பறம் 84, 88, ஒரு நாள் 91. நானா ஏத்தணும்னு ஏத்தல, பீப் வரலல்ல அப்போ யாரும் இல்லன்னு கால் தானா அமுங்கியிருக்கு. 11,500 குடுத்து நான் வாங்கினது அந்த 20 கிலோமீட்டர்தான்.

அந்த ரோடு எப்படிப்பட்ட ரோடுன்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடலு, குப்பம், இன்னொரு பக்கம் வீடு, நடுவுல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. அந்த நேரத்துலதான் மீன் கூடையோட பொம்பளைங்க ரோட்ட தாண்டுவாங்க, லாரிக்கு நடுவுல இருந்து திடீர்னு வருவாங்க, ஏன்னா வேற வழி கெடையாது. என் அத்தை 20 வருஷம் அப்படித்தான் தாண்டினாங்க, சின்ன வயசுல நான் அவங்க முந்தானைய புடிச்சுக்கிட்டு கூடப் போயிருக்கேன், வண்டி வர சத்தம் கேட்டா என்ன இழுத்து முதுகுக்குப் பின்னாடி விட்டுக்குவாங்க. 91-னு போன்ல பாத்த அன்னிக்கு மீன் பைய அப்படியே சீட்ல வெச்சுட்டு ரொம்ப நேரம் கார்லயே உக்காந்திருந்தேன்.

கணக்கும் போட்டுப் பாத்தேன். 60-ல போற கார் செகண்டுக்கு 17 மீட்டர் ஓடும், நாம பாத்து கால் வெக்கவே ஒரு செகண்டு, அப்பறம் காஞ்ச ரோட்டுல நல்ல பிரேக்குன்னா ஒரு 20 மீட்டர், மொத்தம் 37 மீட்டர் கிட்ட. 80-ல அதே கணக்கு 58 மீட்டர் வருது. நடுவுல 21 மீட்டர் வித்தியாசம். 40 அடி கன்டெய்னர் நீளம் 12 மீட்டர், அப்போ ஒண்ணரை கன்டெய்னருக்கும் மேல. லாரிக்கு நடுவுல இருந்து ஒருத்தர் வெளிய வந்தா அந்தத் தூரம் யாருக்கு வேணும்னு நீங்களே பாத்துக்கோங்க.

அதனால டிடெக்டர கழட்டிட்டேன். இப்ப என்ன பண்றேன்னா, அதே இலவச ஆப்ல சிட்டிக்குள்ள 60-ன்னு அலர்ட் வெச்சிருக்கேன், தாண்டினா கத்தும், இது நம்ம ஸ்பீடப் பாத்துக் கத்துது, ஆஸ்பத்திரி கதவப் பாத்து இல்ல. 2023 நவம்பர்ல இருந்து சென்னைல கார் 60, பஸ் லாரி 50, பைக் 50, ஆட்டோ 40, குடியிருப்பு தெருன்னா எல்லாத்துக்கும் 30, அதனால தெருவுக்குள்ள நுழையும்போது 30-க்கு மாத்திக்கணும், அது ஒண்ணுதான் தொல்லை, கை போன்ல போகக் கூடாதுன்னு நிறுத்திட்டு மாத்துறேன். கார்லயே ஸ்பீட் வார்னிங் இருக்கேன்னு கேப்பீங்க, 2019 ஜூலைக்கு அப்பறம் செஞ்ச எல்லா கார்லயும் 80 தாண்டினா விட்டு விட்டு, 120 தாண்டினா நிக்காம அடிக்கும், ஆனா 60 ரோட்டுக்கு அது உதவாது, சில வண்டில நாமளே கொறச்சு செட் பண்ண ஆப்ஷன் இருக்கு, மேனுவல எடுத்துப் பாருங்க. கூகுள் மேப்ல ஸ்பீடு காட்டுற செட்டிங் இருக்கு, அதையும் ஆன் பண்ணி வெச்சா போதும். ஆபீஸ் போற நேரம் எவ்ளோ கூடுச்சுன்னா, அதே ஆப் கணக்குப்படி சராசரியா நாலு நிமிஷம். எங்கயாவது ரயில்வே கேட்டுல ஒரு ரயிலுக்கு நின்னா அத விட அதிகம் போகும்.

மார்க்கு கேக்கறவங்களுக்கு, டிடெக்டர்ல ரேடாருக்கு மட்டும் பாத்தா அஞ்சுக்கு ரெண்டரை, லேசருக்கு பூஜ்யம். ஸ்பிரே, கிரில் ஐட்டம் ரெண்டும் பூஜ்யம்.

போன வாரம் டிடெக்டர எடுத்துக்கிட்டு அதே கடைக்குப் போனேன். வீடியோவ போட்டுக் காட்டினேன், பாய் ரெண்டு தடவ பாத்தாரு, "காசா திருப்பித் தர முடியாதுப்பா, வேணும்னா வேற எதுனா எடுத்துக்கோ"ன்னாரு. 7,000-க்கு எடுத்துக்கிட்டு, அந்தத் தொகைக்கு முன்னும் பின்னும் பாக்குற டேஷ்கேம் ஒண்ணு குடுத்தாரு. டிடெக்டர மறுபடி ஷோகேஸ்ல வெக்காதீங்க பாய்னு கேட்டுக்கிட்டேன், சரின்னு உள்ள எடுத்து வெச்சாரு. டேஷ்கேம் மாட்டியாச்சு, எக்ஸ்பிரஸ் ரோடுல விடியக்காலை வெளிச்சத்துல முன்னாடி போற வண்டி நம்பர் தெரியுதான்னு ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு அதையும் எழுதுறேன்.